தேருக்கு பிரேக் மாற்றலாம், தாத்தா சைக்கிளுக்கு மாற்றக் கூடாது

1

"ஏம்பா, நல்ல வண்டிய இப்படிக் கெடுத்து வச்சிருக்கியே!"

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொன்னவர் சென்னையிலிருந்து காரில் வந்தவர். பழைய சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்பவர். வயது என்னைவிட இரண்டு மூன்று கூடுதலாக இருந்தால் அதிகம். கேட்கப்பட்டவர் என் நைனா. வயது அறுபத்தாறு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய எங்கள் காலனியில், எங்கள் வூட்டு வாசலில் நின்றுகொண்டு, எங்கள் தாத்தாவின் சைக்கிளைக் காட்டி அவர் இப்படிக் கேட்டார். அவர் வாயில் 'ஏம்பா' இயல்பாக வந்தது. நைனா வாயிலிருந்து 'சார்' இயல்பாக வந்தது. நூறு வருஷப் பயிற்சி ரெண்டு பக்கமும்.

வண்டி ராலே. தலையில் நாட்டிங்காம் என்று பொறித்த பித்தளைத் தகடு. அது மட்டும்தான் அவர் கண்ணுக்குப் பிடித்திருந்தது. பிறகு குனிந்து பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. முன்சக்கரத்தில் அலுமினிய ரிம். கம்பி பிரேக் இருந்த இடத்தில் ஒயர் பிரேக். டைனமோ இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஹேண்டில்பாரில் சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு. தோல் சீட்டு போய், எனக்குப் பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளின் சீட்டு. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, பிணப் பரிசோதனை செய்கிற டாக்டர் மாதிரி 'இது ஒரிஜினல் இல்ல, இது ஒரிஜினல் இல்ல' என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் ஒரிஜினலாக இருந்திருந்தால் பதினைந்தாயிரம். இப்போது ஐயாயிரம். பழைய ரிம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. வேலியோரம் பீர்க்கங்கொடி ஏறிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வந்த வேதனையை, சேரியில் ஒரு குழந்தை செத்தால்கூட எந்தக் கார்க்காரர் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

நைனா ஒன்றுதான் சொன்னார்: "கெடுக்கல சார். நிக்கற மாதிரி பண்ணிருக்கேன்."

2

இந்த வண்டி எங்களுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அது எந்தக் கண்காட்சி அட்டையிலும் எழுதப்படாது.

தாத்தா செங்குன்றத்து அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கியவர். ஊர் பொன்னேரிப் பக்கம். ஆலையில் கணக்கெழுதியவர் அறுபதுகளில் மோட்டார் சைக்கிளுக்கு மாறியபோது, தன் பழைய ராலேயைத் தாத்தாவின் கூலியில் மாசா மாசம் பிடித்துக்கொள்வதாகப் பேசித் தள்ளிவிட்டார். சைக்கிள் கிடைத்தது, சேரியிலிருந்து ரோட்டுக்குப் போகிற வழி கிடைக்கவில்லை. வழி ஊர்த்தெரு வழியாகத்தான். தெருமுனை வந்ததும் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கேரியரில் சொருக வேண்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டு, யாரையும் நேராகப் பார்க்காமல் நடந்து, மறுமுனையில் ஏறிக்கொள்ள வேண்டும். பெல் அடிக்கக் கூடாது. ராத்திரி திரும்பும்போதும் அப்படித்தான். எட்டு மணி நேரம் மூட்டை தூக்கிய உடம்பு, தன்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். 'சைக்கிள் எங்கப்பனை ஏத்திக்கிட்டுப் போனதைவிட எங்கப்பன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனதுதான் அதிகம்' என்று நைனா சொல்வார். கணக்குப்படி அது பொய்யாக இருக்கலாம். மனசுக்கு அதுதான் கணக்கு.

இது எங்க தாத்தா ஒருவரின் கதை இல்லை. இந்த இதழைப் படிக்கிற பாதிப் பேரின் வீட்டிலும் இந்தக் கதை இருக்கிறது. 1924-இலேயே, இரட்டைமலை சீனிவாசனும் ஆர். வீரையனும் உட்கார்ந்திருந்த சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் திறந்தவை என்று தீர்மானம் போட்டாயிற்று. காகிதத்தில் திறந்த சாலை தெருமுனையில் மூடியே கிடந்தது. எவ்வளவு காலம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அதற்கு 2015-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதையோ மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்பு போடுவதையோ புதுத்துணி உடுத்துவதையோ தடுப்பது ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. கவனியுங்கள்: சைக்கிள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. செவ்வாய்க்கு மங்கள்யான் போய்ச் சேர்ந்தது 2014-இல். அதற்கு மறுவருஷம் இந்த நாட்டுப் பாராளுமன்றம் உட்கார்ந்து, 'பறையன் சைக்கிளில் போனால் மறிக்காதே' என்று சட்டம் எழுத வேண்டியிருந்தது.

ஆகவே, 'ஒரிஜினல்' என்று அந்த மனிதர் சொல்லும்போது எனக்கு ரிம்மும் பிரேக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஒரிஜினல் நிலையில் இந்தச் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகப்பட்டது. அந்த ஒரிஜினலையும் சேர்த்துத்தான் பாதுகாக்கச் சொல்கிறாரா?

3

ஏன் மாற்றினோம் என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். படிக்கிற தோழர்கள் 'இது என்ன சைக்கிள் கடை விவகாரம்' என்று பக்கத்தைத் தள்ள வேண்டாம். விவகாரமே இங்குதான் இருக்கிறது.

பழைய கம்பி பிரேக் எப்படி வேலை செய்கிறது? ஹேண்டிலில் பிடியை இழுத்தால் கம்பி கம்பியாகக் கோர்த்து, கடைசியில் குதிரை லாடம் மாதிரி ஒரு வளையம் மேலே எழும்பும். அதில் மாட்டிய ரெண்டு பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை, ஸ்போக்ஸ் முளைக்கிற பக்கத்தை, அழுத்தும். காய்ந்த ரோட்டில் சரி. அந்த ரிம் இரும்பு. மேலே குரோமியம் பளபளப்பு. மழையில் நனைந்தால் கட்டை வழுக்கும். பிடித்தாலும் நிற்காது, நிற்கிறதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இது 2012 ஐப்பசி மழையில் நைனாவுக்கு நடந்தது. அப்போது அவர் ஓர் உருட்டாலையில் கான்ட்ராக்ட் ஆள். ராத்திரி ஷிப்ட் முடிந்து விடியற்காலை வருகிறார். ஜி.என்.டி. ரோட்டில், சர்வீஸ் ரோடு வந்து சேருகிற இடத்தில், திரும்புகிற லாரி. பிரேக்கை முழுக்கப் பிடித்திருக்கிறார். வண்டி நிற்கவில்லை. அவரே பக்கவாட்டில் விழுந்து நிறுத்தினார். முழங்கை எலும்பு விட்டது. கம்பெனி, கான்ட்ராக்டர் ஆள் என்றது. கான்ட்ராக்டர், கேட்டுக்கு வெளியே நடந்தது என்றான். ரெண்டு மாசம் கூலி இல்லை. அந்த ரெண்டு மாசமும் நான் எம்.ஏ. தமிழ் வகுப்பில் உட்கார்ந்து நன்னூல் படித்துக்கொண்டிருந்தேன். பழசு கழிவதும் புதுசு நுழைவதும் காலத்தின் போக்கு, அது வழுவாகாது என்று பவணந்தி தன் நூலின் கடைசிச் சூத்திரத்தில் சொல்லி முடிக்கிறார். இலக்கணக்காரருக்கே புரிந்தது சைக்கிள் சேகரிக்கிறவருக்குப் புரியவில்லை.

கை கூடியதும் நைனா செய்த முதல் காரியம் முன்சக்கரத்தை மாற்றியது. அதைக் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. கும்மிடிப்பூண்டியில் முப்பது வருஷம் பஞ்சர் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னார். அவரும் நம்ம ஆள். அவர் பாடம் சொன்ன விதத்தை எந்தப் பொறியியல் கல்லூரியிலும் நான் கேட்டதில்லை:

"இந்த ரிம்முக்கு பக்கவாட்டு முகம் கிடையாது, வளைஞ்சு போகுது. அதனால ஒயர் பிரேக் கடிக்க இடமில்ல. ரிம்மையே மாத்தணும். அலுமினியம் போட்டா மழையிலயும் புடிக்கும். முன்னாடி அச்சுக்கட்டையில முப்பத்திரெண்டு ஓட்டை, முப்பத்திரெண்டு ஓட்டை ரிம்மு கடையில இருக்குது, சரியாப் போச்சு. பின்னாடி நாப்பது ஓட்டை. அந்தக் கணக்குல அலுமினிய ரிம்மு தேடினா கெடைக்காது, அதைத் தொடாத. புது ரிம்மு கொஞ்சம் சின்னது. விட்டத்துல ஒண்ணேகால் சென்டிமீட்டர் கொறையும். அப்ப பிரேக் கை கொஞ்சம் நீட்டமா இருக்கணும், இல்லாட்டி கட்டை டயரைப் போய்க் கடிக்கும், டயர் வெடிக்கும்."

அவர் சொன்னது அத்தனையும் அளவெடுத்த உண்மை. பழைய இருபத்தெட்டு அங்குலச் சக்கரத்தில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைக்கு 700சி என்று விற்கிற சக்கரத்தில் அது 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். பிரேக் கட்டை ஒவ்வொரு பக்கமும் ஆறரை மில்லிமீட்டர் கீழே இறங்கிப் பிடிக்க வேண்டும். பாரிமுனைப் பக்கத்துக் கடையில் நீளக்கை பிரேக் வாங்கி, ஃபோர்க்கின் தலையில் ஓட்டை போட்டு மாட்டினார்கள். கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, முன்சக்கரம் தயார். பின்சக்கரத்தில் பழைய கம்பி பிரேக் அப்படியே இருக்கிறது. சீட்டு மாற்றியது, தோல் சீட்டு மழையில் ஊறி நடுவில் கிழிந்துபோனதால். டைனமோ கழற்றியது, அது டயரில் உரசி எரிவதால் வண்டி ஓடினால்தான் விளக்கு; லெவல் கிராஸிங்கில் நின்றால் இருட்டு. பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு இருட்டில் நிற்கிற மனுஷன் தெரியமாட்டான். எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது, எது எதோடு பொருந்தும் என்று தெரிந்து செய்த வேலை இது. இதற்குப் பெயர் கெடுப்பதா?

இதே வேலையை இங்கிலாந்தில் ஒரு வெள்ளைக்காரன் தன் ஷெட்டில் செய்தால் அது ரசனை, பொழுதுபோக்கு, கைத்திறன். அண்ணாசாலைக் கடைக்காரன் செய்தால் அது 'ரெஸ்டோ'. சேரியில் செய்தால் கெடுத்து வைத்திருப்பது.

4

இனி 'ஒரிஜினல்' என்கிற இந்தத் தத்துவத்துக்கு வருவோம்.

ஒரு வண்டி பிறந்த நாளில் எந்தெந்த உறுப்போடு பிறந்ததோ அந்தந்த உறுப்போடுதான் சாகும்வரை இருக்க வேண்டும். வேறு கம்பெனி உறுப்பு கலந்தால் மதிப்புப் போயிற்று. கலப்பு கூடாது. பிறப்பு சுத்தமாக இருக்க வேண்டும். அந்தச் சுத்தத்தைச் சோதித்துச் சொல்ல ஒரு சிலருக்குத்தான் தகுதி உண்டு. இந்தப் பேச்சை நீங்கள் இதற்கு முன்பு எங்கேயும் கேட்டதே இல்லையா? ரிம்முக்கு வர்ணாசிரமம், பெடலுக்குக் கோத்திரம். புராதனச் சைக்கிள் சேகரிக்கிற எல்லாரும் சாதி வெறியர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பேசுகிற பாஷையை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று யோசிக்கச் சொல்கிறேன்.

உண்மையில் ஒரிஜினல் என்று ஒன்று எப்போது இருந்தது? 1888-ஐ எடுத்துக்கொள்வோம். பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டினார். கெட்டி டயரில் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிக்குப் புதுப் பாகம் மாட்டிய அந்தச் செயலிலிருந்துதான் இன்றைய சைக்கிள் வந்தது. அந்த டயருக்கு வேண்டிய ரப்பருக்காகத்தான் பெல்ஜிய ராஜா லியோபோல்டு காங்கோவில் கறுப்பு மக்களின் கைகளை வெட்டினான். 'ஒரிஜினல்' டயரின் வாசத்தை முகர்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்த வாசமும் வர வேண்டும். 1949-இல் பர்மிங்காம் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. அது இங்கிலீஷ் வண்டியா, தமிழ் வண்டியா? கம்பெனி கலந்தால் அது கூட்டுத் தொழில்; நாங்கள் கலந்தால் அது கேடு.

இன்னும் பெரிய உதாரணம் இருக்கிறது. நம்ம நாட்டிலேயே மிகப் பழைய வாகனம் எது? தேர். திருவாரூர் ஆழித்தேர் ஓடுகிறதே, அதன் சக்கரம் எது என்று தெரியுமா? திருச்சி பெல் தொழிற்சாலை செய்து கொடுத்த இரும்புச் சக்கரம். நிறுத்துவது எது? ஹைட்ராலிக் பிரேக். மரச்சக்கரமும் முட்டுக்கட்டையும் இருந்த இடத்தில் நவீனப் பாகம் ஏறிவிட்டது. நல்ல காரியம். முட்டுக்கட்டை போடுகிற தொழிலாளி சக்கரத்தடியில் சிக்காமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்? ஆனால் 'ஒரிஜினல் போச்சே, தேரைக் கெடுத்துட்டாங்களே' என்று ஆகமம் தெரிந்த ஒருவராவது தேரோட்டத்தை நிறுத்தினாரா? இல்லை. சாமிக்கு தீட்டுப்பட்டதா? இல்லை. கருவறையில் ட்யூப்லைட் எரிகிறது, கோபுரத்தில் சீரியல் செட்டு மின்னுகிறது, கொட்டடிக்க மிஷின் வந்துவிட்டது. எதற்கும் தீட்டு இல்லை.

அதே தமிழ்நாட்டில், சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில், தேர் வடத்தைப் பிடிக்க எங்களுக்கும் உரிமை உண்டு என்று தலித்துகள் 1990-களிலிருந்து போராட வேண்டியிருந்தது. நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. தேர் ஓடாமலேயே கிடந்த வருஷங்களும் உண்டு.

இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேருக்குச் சக்கரம் மாறலாம், அச்சு மாறலாம், பிரேக் மாறலாம். வடம் பிடிக்கிற கை மாறக் கூடாது. இந்தச் சமூகத்துக்கு நவீனத்தோடு சண்டையே கிடையாது. பழைய பொருளில் எந்தப் புதுப் பாகத்தை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும். மாட்டுகிற அதிகாரம் பழைய கையிலேயே இருக்கிற வரைக்கும். என் நைனாவின் சைக்கிளில் அந்தக் கார்க்காரரை உறுத்தியது அலுமினிய ரிம் இல்லை. யாரைக் கேட்டு மாட்டினாய் என்பதுதான் உறுத்தியது.

5

சரி, மாற்ற மாட்டோம் என்று சொன்னால் விட்டுவிடுவார்களா? அதற்கும் எங்கள் தாலுக்காவிலேயே சாட்சி இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி தாலுக்காவில் தேர்வாய் கண்டிகை. தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் கிராமம். ஆடு மாடு மேய்க்கவும், விறகுக்கும், ஏரிக்குத் தண்ணீர் வரவும் அந்த மக்கள் நம்பியிருந்த மேய்க்கால் காட்டுநிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல், 2000-களின் கடைசியில் சிப்காட்டுக்குப் போயிற்று. மக்கள் எதிர்த்தார்கள். பெண்கள் முன்னால் நின்றார்கள். கைதானார்கள். நிலத்தில் ஒரு பங்கு போனது எந்தக் கம்பெனிக்கு? மிஷ்லான். பிரான்சு நாட்டு டயர் கம்பெனி. கிராமத்துச் சங்கமும் பிரான்சு நாட்டுத் தொழிற்சங்கம் உள்ளிட்ட அமைப்புகளும் சேர்ந்து 2012-இல் பிரான்சிலேயே ஓ.இ.சி.டி. விதிகளின் கீழ் முறையீடு செய்தார்கள். கம்பெனி குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆலை வந்துவிட்டது.

இந்த மிஷ்லானின் பேர் உலகத்துக்குத் தெரிய வந்ததே சைக்கிளால்தான். 1891-இல், பஞ்சரானால் சீக்கிரம் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைச் செய்தார்கள். அந்த வருஷம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் பந்தயத்தில் ஜெயித்தவன் வண்டியில் இருந்தது அந்த டயர். பழைய சைக்கிளுக்கு நவீனப் பாகம் மாட்டிப் பிழைத்து, உலகக் கம்பெனியாக வளர்ந்து, நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து எங்கள் தாலுக்காவின் மேய்க்காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தேர்வாய் கண்டிகை மக்கள் மறுத்தபோது என்ன சொன்னார்கள்? இவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள்; நவீனம் தெரியாதவர்கள்; மாடு மேய்த்துக்கொண்டே இருக்கப் பார்க்கிறார்கள். என் நைனா புது ரிம் போட்டால் பழசின் அருமை தெரியாதவர். தேர்வாய்க்காரர்கள் மேய்க்காலை விட மறுத்தால் புதுசின் அருமை தெரியாதவர்கள். மாற்றினாலும் குற்றம், மாற்ற மறுத்தாலும் குற்றம். ஆகவே பழசா புதுசா என்பது கேள்வியே இல்லை. தீர்மானிக்கிறவர் யார் என்பதே கேள்வி. அந்த இடத்தில் நாம் உட்கார்ந்தால் மட்டும், எப்போதும், ஏதாவது ஒரு குற்றம் இருக்கும்.

6

நம்ம ஆட்களுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை பாதி நேர்மையோடு நின்றுவிடும்.

முதலாவது, தோழர்களுக்கு. 'சமூகம் எரியும்போது சைக்கிளா?' என்று கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. புதுக்கோட்டையில் 1991-92-இல் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதும் இப்படித்தான் கேட்டார்கள். கல்குவாரிப் பெண்ணும் விவசாயக் கூலிப் பெண்ணும் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காத இடத்தில், குறுக்கே பார் போட்ட ஆம்பளை சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டார்கள். எந்த வண்டி யாருக்கு என்று கம்பெனி போட்ட விதியை அவர்கள் ஓட்டியே மாற்றினார்கள். 2001-இல் தமிழ்நாட்டு அரசு இலவச சைக்கிளை முதலில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குத்தான் கொடுத்தது. பிறகு எல்லாருக்கும் வந்த வரிசையில்தான் எனக்கும் வந்தது. அந்தச் சைக்கிள் இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றிருக்கும். அதனால் எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, நம் இளைஞர்களுக்கு. இப்போது பழைய சைக்கிளில் மோட்டார் மாட்டுகிற மோகம் சிப்காட் பக்கமெல்லாம் பரவுகிறது. 250 வாட்டுக்கு மிகாமல், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாமல் இருந்தால் பதிவு வேண்டாம், லைசென்சு வேண்டாம் என்பதால் ஆசை வருகிறது. தப்பில்லை. ஆனால் தாத்தா காலத்து ஃபோர்க்கின் இடைவெளி தொண்ணூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர். மோட்டார் அச்சுக்கட்டை வருவதோ நூறு மில்லிமீட்டர். வலுக்கட்டாயமாக விரித்து மாட்டுகிறார்கள். மோட்டார் சுழற்றுகிற வேகத்தில் அச்சு தானே திரும்பி வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதைத் தடுக்கத் தாங்குகை என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு உண்டு. நூறு இருநூறு ரூபாய்க்கு யோசித்து அதை விட்டுவிடுகிறார்கள். இது எல்லாவற்றையும்விடக் கொடுமை, கம்பி பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரை மாட்டுவது. நிற்க வழி செய்யாமல் வேகத்தை வாங்குவது.

கடைக்காரன் புதுசு என்று சொன்னதற்காக மாட்டுவதும், கார்க்காரர் பழசு என்று சொன்னதற்காக மாட்டாமல் இருப்பதும் ஒன்றுதான். ரெண்டிலும் முடிவு வேறு எவனோ எடுத்தது. முதலில் பிரேக். அடுத்து விளக்கு. பிறகு சீட்டு. மோட்டார் கடைசி. எது பொருந்தாதோ அதைத் தொடாதே. அந்தப் பஞ்சர் கடைப் பெரியவர் பின்சக்கரத்தைக் காட்டித் 'தொடாத' என்று சொன்னாரே, அதில் இருக்கிற அறிவு முன்சக்கரத்தை மாற்றிய அறிவுக்குக் குறைந்ததில்லை.

7

பழைய சைக்கிளைச் சேகரிக்கிறவர்களோடு எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. ஒரு ராலேயை, ஒரு ஹெர்குலிஸை, பிறந்த மேனியாகப் பாதுகாத்து வைத்தால் அடுத்த தலைமுறை பார்க்கும். செய்யுங்கள். நான் போய்ப் பார்த்த ஒரு கண்காட்சியில் ஒவ்வொரு வண்டிக்கும் அட்டை இருந்தது. கம்பெனி பேர் இருந்தது, வருஷம் இருந்தது, கியர் எண்ணிக்கை இருந்தது. ஓட்டியவன் பேர் ஒன்றில்கூட இல்லை. அந்த வண்டி எந்தத் தெருவில் ஓடியது, எந்தத் தெருவில் உருட்டப்பட்டது என்று எழுத ஒரு வரி இடம் விடுங்கள். இடம் இல்லையென்றால், எங்கள் வூட்டு வண்டியைப் பார்த்து 'கெடுத்து வச்சிருக்கியே' என்று சொல்லாமலாவது போங்கள்.

சிப்காட்டை நடத்துகிறவர்களுக்கு ஒன்று. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இன்னமும் சைக்கிளில்தான் ஷிப்டுக்கு வருகிறார்கள். நேற்று வரை நாங்கள். இன்று எங்களோடு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள். எங்கள் காலனியில் கைமாறுகிற பழைய சைக்கிளைத்தான் அவர்களும் வாங்குகிறார்கள். லாரிக்கு ஆறு வழி போட்ட கை, சைக்கிளுக்கு ஆறடி போட ஏன் யோசிக்கிறது? நாங்கள் எங்கள் காசில் பிரேக் மாற்றிக்கொண்டோம். ரோட்டை எங்கள் காசில் மாற்ற முடியாது.

இந்த இதழின் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய சைக்கிள் வைத்திருக்கிற பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தெருமுனையில் இறங்கினார்கள், முதன்முதலில் எந்த வருஷம் இறங்காமல் ஓட்டினார்கள், அன்றைக்கு என்ன நடந்தது. எழுதி அனுப்புங்கள். அந்தப் பெரியவர்கள் போய்விட்டால் சைக்கிளைக் கேட்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

எங்கள் தாத்தா இறங்காமல் ஓட்டிய முதல் நாளை நைனா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1978 பொங்கலுக்கு மறுநாள். தாத்தாவைப் பின்னால் உட்கார வைத்து நைனா ஓட்டியிருக்கிறார். தெருமுனை வந்ததும் பழக்கத்தில் தாத்தா கால் தானாகத் தரையில் ஊன்றியிருக்கிறது. நைனா நிறுத்தவில்லை. பின்னாலிருந்து தாத்தா "நிறுத்துடா, நிறுத்துடா" என்று கத்திக்கொண்டே வந்திருக்கிறார். தெருவில் நாலு பேர் எழுந்து நின்றிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அடி விழுந்தது, மறுநாளும் ஓட்டினார்.

அன்றைக்கு பிரேக் பிடிக்காமல் ஓட்டியவர்தான் இன்றைக்கு நல்ல பிரேக் மாட்டி வைத்திருக்கிறார். எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது என்பதை வண்டி ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்வார்.

கார்க்காரர் ஐயாயிரத்தை ஏழாயிரம் வரைக்கும் ஏற்றிப் பார்த்தார். நைனா கொடுக்கவில்லை. பீர்க்கங்கொடி ரிம்மையாவது கேட்டார். "காய் இருக்குது சார், முத்தட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.